கட்டில் இறங்குகிறது

பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர், நோயையும் தாங்களே சொல்லி மருந்தையும் தாங்களே சொல்லிவிட்டுத்தான் சாவியை நீட்டுவார்கள். "கிளட்ச் போயிடுச்சும்மா, மாத்திடச் சொல்லுங்க" என்பார் ஒருவர். "இன்ஜின்ல என்னமோ உடைஞ்சிருக்கு, எனக்கு நல்லாத் தெரியும்" என்பார் இன்னொருவர். முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கின் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். "அப்படியாங்க? எப்பலேர்ந்து? மேடு ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்டபடியே சாவியை வாங்கிக் கொக்கியில் மாட்டிவிடுவாள். கடைசியில் பார்த்தால் இன்ஜினில் ஒரு கீறல்கூட இருக்காது. டிக்கிக்குள் ஒரு குடை உருண்டுகொண்டிருக்கும். அதை வண்டிக்காரரின் முகம் சுருங்காதபடி எடுத்துச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. புருஷன் வண்டியைச் சரிபண்ணுவார், பொண்டாட்டி வண்டிக்காரனைச் சரிபண்ணுவாள் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அதனால், அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்துவிட்ட கணவர், ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இந்தக் கட்டில் இறங்குது" என்று சொன்னபோது, அவள் அதே முகத்தை வைத்துக்கொண்டு அதே குரலில் கேட்டாள்.

"அப்படியாங்க? எப்பலேர்ந்து?"

"கிண்டல் பண்ணாத. ஏத்தி வச்ச கொஞ்ச நேரத்துல தலைப்பக்கம் தானா இறங்குது. உள்ள ஸ்க்ரூ தேஞ்சு போச்சு. சிஸ்டர் கைப்பிடியச் சுத்தும்போது ஒரு முனகல் கேக்குதே, கவனிச்சியா?"

அவர் மெக்கானிக். காதுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, குடித்துக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைக்காமல், எந்தப் பக்கத்து பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தன் தொண்டைக்குள் நடந்தது மட்டும் கேட்கவில்லை. முதலில் ரொட்டி அடைத்தது, பிறகு கஞ்சி அடைத்தது, கடைசியில் தண்ணீரே யோசித்து யோசித்துத்தான் இறங்கியது. உணவுக்குழாயில் புற்று என்றார்கள். கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்து, மிச்சமிருந்த குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். எல்லாம் எடுத்தாயிற்று, தையலும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சர்ஜன் கட்டில் காலடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

அவருக்கும் சேர்த்துப் பேசியது வார்டு சிஸ்டர்தான். குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமான வேகம், சிரிக்காமலே கிண்டல் செய்யும் வாய்.

"இரைப்பைக்கு மேல ஒரு மூடி மாதிரி இருக்கும்மா. அது இப்ப இவருக்கு இல்ல. மட்டமாப் படுத்தார்னா உள்ள இருக்கிறது மேல ஏறி வரும். வந்து எங்க போகும்? மூச்சுக்குழாய்க்குள்ள போகும். நுரையீரல்ல தொத்து பிடிச்சிடும். இப்போதைக்கு நாங்க ராப்பகலா காவல் காக்கிறது அதுக்குத்தான். தலையும் நெஞ்சும் எப்பவும் தூக்கியே இருக்கணும். தூங்கும்போதும்தான். வீட்டுக்குப் போனாலும்தான்."

"தூக்கியே இருக்கணும். சரி சிஸ்டர்."

"கட்டிலைத் தூக்கிட்டா மட்டும் போதாது. இவர் சரிஞ்சு கீழ வந்து, நடுவுல மூட்டை மாதிரி மடங்கிக் கிடக்கக் கூடாது. அப்படிக் கிடந்தா நெஞ்சு விரியாது. நுரையீரலோட அடிப்பக்கம் காத்து வாங்காது, சளி அங்கயே தேங்கிடும். இடுப்பு இந்த இடத்துல இருக்கணும்." கட்டில் மடங்கும் இடத்தைத் தட்டிக் காட்டினார். "முதல்ல முட்டிக்கு அடியில தலையணை. அப்புறம்தான் முதுகை ஏத்தணும். மாத்திப் பண்ணினா சறுக்குமரத்துல உக்கார்ந்த மாதிரி இறங்கிடுவார்."

அவளுக்கு எதையும் ஒருதரம் சொன்னால் போதும். இடுப்புக்கு அடியில் குறுக்காக ஒரு துணி விரித்திருந்தார்கள். அவர் சரிந்துவிட்டால் சிஸ்டர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் அந்தத் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் தலைப்பக்கம் இழுப்பார்கள். கழுத்தைப் பிடிக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. இரண்டாவது தடவையே சிஸ்டர், "நீங்க வேலைக்கு விண்ணப்பம் போடலாம்" என்றார். இழுக்கும்போதெல்லாம் கணவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். வலிக்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அவர் சரிந்துகொண்டேதான் இருந்தார். கேட்டால் ஒரே பதில்.

"நான் சரியல. கட்டில் இறங்குது."

"கட்டில் அங்கயேதாங்க இருக்கு. நீங்கதான் இறங்குறீங்க."

"முப்பது வருஷமா ஜாக்கியோட குடும்பம் நடத்துறவன்கிட்ட சொல்றியா?"

"குடும்பம் நடத்துறது என்கூடங்க. ஜாக்கிக்கு இது தெரிஞ்சா சண்டைக்கு வரும்."

அவளுக்கு இதில் கொஞ்சமும் கலக்கம் இல்லை. இந்த மாதிரி வாடிக்கையாளர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். அடம்பிடிப்பவரிடம் வாதாடக் கூடாது. வண்டியில் ஏற்றி ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். சிஸ்டரிடம் கொஞ்சம் பிளாஸ்திரி கேட்டு வாங்கினாள். அவரை மேலே இழுத்து ஒழுங்காக உட்கார வைத்ததும், கட்டிலின் தலைவிளிம்பு சுவரைத் தொடும் உயரத்தில் ஒரு துண்டு ஒட்டினாள். அவருடைய காது இருக்கும் உயரத்தில் இன்னொரு துண்டு ஒட்டினாள்.

"இப்ப ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருப்போம். யார் திருடன்னு தெரிஞ்சிடும்."

பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்துமிடத்தில் வெயில் ஒரு காரின் கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு நகர்ந்தது. சொட்டு மருந்துப் பை காலியாவதற்குள் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கட்டிலின் விளிம்பு தன் பிளாஸ்திரியை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. காது மட்டும் தன்னுடையதை மேலே தனியாக விட்டுவிட்டு, ஒரு சாணுக்கும் கீழே கிடந்தது.

அவர் திரும்பி அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சுவர் கோணல்" என்றார்.

அவள் சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வழக்கு முடிந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள். பட்டறையில் வண்டிக்காரர் வாயை மூடிக்கொண்டார் என்றால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். அந்தக் கணக்கை அவள் இங்கேயும் போட்டாள்.

மறுநாள் பகல் பார்வையாளர் நேரத்தில் அவளுடைய தம்பி வந்தான். பட்டறையில் அவருக்கு வலது கை அவன்தான். நல்ல வேலைக்காரன், என்ன, எந்த வண்டியைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் அவன் உள்ளங்கையில் ஒரு நட்டு மிச்சமிருக்கும். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்துபோய், நட்டு என்றே கூப்பிட்டார்கள். கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெற்ற பிறகும் நட்டுதான்.

"என்ன மாமா, மூக்குல எல்லாம் ஒயரிங் பண்ணியிருக்காங்க."

"வாடா. உன்னை விட நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஒண்ணும் மிச்சமில்ல."

அவர் முகத்தில் அன்று ஒரு தெளிவு இருந்தது. மனைவியைப் பார்த்து, "நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. கேன்டீன் போய்ட்டு வா. இவன்தான் இருக்கானே" என்றார். கரிசனம் கொஞ்சம் தூக்கலாக இருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். பசி கவனிக்கவிடவில்லை.

டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, வார்டுக்கு வெளியே நீண்ட தாழ்வாரத்திலேயே அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. வேறு யார் காதிலும் விழாது. விழுந்தாலும் ஒன்றும் தோன்றாது. துருப்பிடித்த போல்ட் ஸ்பானருக்கு இணங்கும்போது போடும் ஒரு சின்னக் கூவல். பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கும் அவள், தினமும் அதைக் கேட்டுத்தான் கண் விழிக்கிறாள். நடந்தவள் ஓடினாள்.

ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. திரைக்குக் கீழே நட்டுவின் இரண்டு கால்கள் மல்லாக்க நீட்டிக்கொண்டிருந்தன. மேலே அவருடைய குரல், பழைய பட்டறைக் குரல்.

"நான் எதுக்குடா இறங்கணும்? லோடு மேல இருக்கும்போதுதான்டா தேய்மானம் தெரியும். அந்தப் பின்னை லேசா வெளிய இழு. இழுத்துட்டு உள்ள பாரு."

அவள் திரையை விலக்கியதும் இரும்புப் பின் வெளியே வந்ததும் ஒன்றாக நடந்தது. முதுகைத் தாங்கிக்கொண்டிருந்த பாகம் மொத்தமாக மடாரென்று கீழே போனது. அவரும் அதோடு போனார். கூரையைப் பார்த்தபடி மட்டமாகக் கிடந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், வயிற்றிலும் விலாவிலும் வெட்டுப்பட்ட உடம்பு, தலையைக்கூட உயர்த்த முடியவில்லை. தொண்டையில் ஏதோ கொழகொழவென்று ஏறியது. வாயோரத்தில் மஞ்சளும் பச்சையுமாக வழிந்தது. இருமவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் கண்கள் பிதுங்கின.

அவள் கத்தவில்லை. கத்துவதற்குக் கை ஒழியவில்லை. ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புத் துணியிலும் கொடுத்து, அவரைத் தன் பக்கமாக ஒருக்களித்துப் புரட்டினாள். தோளைத் தன் வயிற்றில் சாய்த்து, உள்ளே போகிறது வெளியே வரும்படி முகத்தைத் தாழ்த்திப் பிடித்தாள். "துப்புங்க. விழுங்காதீங்க, துப்புங்க." பிறகு கட்டிலுக்கு அடியில் பார்த்து, "டேய், வெளிய வந்து சிஸ்டரைக் கூப்பிடு. ஸ்பானரைப் போட்டுட்டு ஓடு" என்றாள்.

சிஸ்டர் வந்த வேகத்தில் திரைக்கம்பி ஆடியது. குழாய் வைத்துத் தொண்டையை உறிஞ்சினார். ஆக்ஸிஜன் வைத்தார். இன்னொரு சிஸ்டரும் வந்து, நான்கு பேருமாக அவரை உயரமான சாய்வு நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். நெற்றி வேர்த்துக் கொட்டியது. மூச்சு திரும்பியது, ஆனால் ஈரமாகத் திரும்பியது.

எல்லாம் அடங்கிய பிறகுதான் சிஸ்டர் கட்டிலைப் பார்த்தார். பிறகு நட்டுவின் கையில் இருந்த பின்னைப் பார்த்தார்.

"இது யாரோட வேலை?"

நட்டு தரையைப் பார்த்தான். "மாமாதான் சொன்னார்."

"மாமா சொன்னா செஞ்சிடுவீங்களா? நாளைக்கு நான் உங்க பட்டறைக்கு வந்து ஒரு காருக்கு ஆபரேஷன் பண்றேன், சரியா? வண்டிக்காரரை உள்ள உக்கார வச்சே பண்றேன்." குரல் ஏறவே இல்லை. அதுதான் அதிகம் உறைத்தது. நட்டு பின்னைச் சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு நட்டையும் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். சர்ஜன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது நெஞ்சின் அடியில் புகை படிந்த மாதிரி இருந்த இடத்தை அவளுக்குக் காட்டினார்.

"உள்ள கொஞ்சம் போயிருக்கு. இது தானாத் தெளியலாம். நிமோனியாவாவும் மாறலாம். மாறினா மறுபடி ஐசியூ, மூச்சுக்கு மெஷின். இந்த உடம்பு இப்ப அதைத் தாங்கறது கஷ்டம். மருந்து குடுத்திருக்கேன். மீதி, அவர் நிமிர்ந்து உக்கார்ந்து, ஆழமா மூச்சு இழுத்து, இருமி வெளிய கொண்டுவரணும். நாளைக்குக் காலையில மறுபடி படம் எடுத்தாத் தெரியும்."

அவள் தலையாட்டினாள். வழக்கமான தலையாட்டல்தான், ஆனால் இந்தத் தடவை சாவியை மாட்டக் கொக்கி எதுவும் இல்லை.

அவருக்கு வேறு கட்டில் வந்திருந்தது. முட்டிக்குத் தலையணை, முதுகுக்கு ஏற்றம், எல்லாம் முறைப்படி. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வண்டியை எடுக்கப் பார்த்து, அது இரண்டு தடவை செருமிவிட்டு அணைந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

திட்டலாம் என்றுதான் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வார்த்தைகளெல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தன. பிளாஸ்திரி ஒட்டிக் காட்டியும் புத்தி வரலையா, கண்ணால பாத்தீங்கதானே. அப்போதுதான் அந்தத் துண்டை அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இழுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வது நினைவு வந்தது. வாதத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் தான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதும் தெரிந்தது.

அவள் வேறொன்று கேட்டாள். குரலில் முன்மேசை இல்லை.

"எப்பலேர்ந்துங்க?"

"எது?"

"கால்ல பலம் இல்லாமப் போனது."

அவர் போர்வைக்குள் பாதத்தை அசைத்துப் பார்த்தார்.

"கண்ணு முழிச்ச அன்னிக்கே" என்றார். "குதிகாலை ஊனி மேல தள்ளப் பாக்குறேன். ஊனவே மாட்டேங்குது. கால் என்னோடது மாதிரியே இல்ல. நீயும் அந்தச் சிஸ்டரும் என்னை மூட்டை மாதிரி இழுக்குறீங்க. பக்கத்துல அந்த ஆள் வேற பாத்துக்கிட்டு இருக்கான்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லி?" அவர் அவள் பக்கம் திரும்பினார். "கட்டில் கெட்டுப்போச்சுன்னா நட்டு வந்து ரெண்டு போல்ட்டுல முடிச்சிருவான். நான்தான் கெட்டுப்போயிருக்கேன்னா யாரைக் கூப்பிடறது?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் போன கை, நகக்கண்ணெல்லாம் வெளுத்து, யாரோ ஆபீஸ் உத்தியோகஸ்தர் கை மாதிரி இருந்தது.

"எனக்கு இன்னிக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றாள். "இதுவரைக்கும் இல்ல. ஆபரேஷன் அன்னிக்குக்கூட இல்ல. இன்னிக்கு உங்க கண்ணைப் பாத்ததும் வந்துடுச்சு."

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை.

சிஸ்டர் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். முன்னால் குனிய வைத்து, முதுகில் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டார். அவர் விடவில்லை.

"என்ன சிஸ்டர் சொல்லுது?"

"இடது பக்கம் நல்லா ஓடுது. வலது கீழ அடைச்ச மாதிரி இருக்கு. மறுபடி கொஞ்சம் சரிஞ்சிருக்கீங்க பாருங்க."

"நான் ஒருதரம் கேட்டுப் பாக்கலாமா?"

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கழட்டிப் பிரிக்க மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

காதுகளில் அதை மாட்டிவிட்டு, வலது முதுகின் அடியில் வட்டத்தைப் பிடித்தார் சிஸ்டர். "மூச்சு இழுங்க." அவர் இழுத்தார். முகத்தில் ஒன்றும் தோன்றவில்லை. மறுபடி இழுத்தார். புருவம் சுருங்கியது.

"ஒண்ணுமே கேக்கல. இன்ஜின் நின்ன மாதிரி இருக்கு."

"இருங்க." சிஸ்டர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் துணியைச் சுருட்டிப் பிடித்தார்கள். அவர் கண்ணை மூட மறந்துபோனார். காது வேலையாக இருந்தது. இழுத்து, இடுப்பை உரிய இடத்தில் நிறுத்தி, முட்டிக்கு அணை கொடுத்து, முதுகை ஏற்றினார்கள். "இப்ப ஆழமா."

அவர் இழுத்தார். சட்டென்று கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் பத்திரிகையைப் புரட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அவள் அந்த முகத்தை அறிவாள். போனட்டுக்குள் தலையைச் சாய்த்துக் கேட்கும்போது வருகிற முகம். உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரியான முகம்.

"வருது" என்றார் மெதுவாக. "ரொம்ப அடியில, மணல்ல தண்ணி இறங்கற மாதிரி. முன்னாடி அது இல்ல. நிமிர்ந்ததும் வருது."

"அதைத்தான் நான் நாலு நாளாச் சொல்றேன்."

"நீங்க சொன்னீங்க. எனக்குக் கேக்கல." ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றப் பார்த்தவர், கழற்றாமல் இன்னொரு மூச்சு இழுத்தார். "நடுவுல ஒரு கடகட இருக்கு. அது சளியா?"

"சளிதான். அதைத்தான் வெளிய கொண்டுவரணும்."

"கொண்டுவந்துடலாம்" என்றார் அவர், வண்டியை எப்போது தருவீர்கள் என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி.

அதற்கப்புறம் அவர் படுத்திய பாட்டை வார்டே பார்த்தது. துண்டை மடித்துத் தையல்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுவார். கண்ணில் தண்ணீர் வரும். "இன்னும் ஒண்ணு" என்பார். மூச்சுப் பயிற்சிக்கென்று கொடுத்த, பந்துகள் மிதக்கும் பிளாஸ்டிக் குப்பியை வாயில் வைத்து உறிஞ்சி, மூன்றாவது பந்து ஏறாவிட்டால் அதை முறைப்பார். அவள் தோள்கொடுக்க, வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் சிஸ்டரைக் கூப்பிட்டு, "ஒருதரம் வச்சுப் பாருங்க" என்பார். சிஸ்டர் வேறு கட்டிலில் இருந்தபடியே, "நான் என்ன உங்களுக்குத் தனி ரேடியோ ஸ்டேஷனா?" என்பார். ஆனாலும் வருவார்.

சரிந்தால் சொல்ல வேண்டும் என்பதுதான் மிச்சமிருந்தது. அது எளிதில் வரவில்லை. சரிவது தெரியும், உதடு திறக்கும், ஒரு செருமல் மட்டும் வரும். அவள் காத்துக்கொண்டிருப்பாள். பார்க்காத மாதிரி ஜன்னலைத் துடைப்பாள். கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு, "ஏம்மா, கொஞ்சம்" என்பார். அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்து இழுப்பாள்.

மறுநாள் காலையில் படம் எடுத்தார்கள். சர்ஜன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். நேற்றுப் புகை இருந்த இடத்தில் இன்று ஒரு மங்கல்தான் இருந்தது. காய்ச்சலும் விட்டிருந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றார் சர்ஜன். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. பிறகு நோயாளியிடம், "ஆனா இது ஒரு நாள் வேலை இல்ல. நிமிர்ந்தே இருக்கணும். சரிஞ்சா அந்த நிமிஷமே சொல்லணும், யார் இருந்தாலும்" என்றார்.

"சொல்றேன் டாக்டர்."

அவள் அந்தப் பதிலை நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று பகல் யாரும் எதிர்பார்க்காத ஒருவர் வந்தார். எதிர்த்தெருவில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். நல்ல உயரம், பெரிய மீசை. இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரு தெருதான்; பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. ஒருவர் கைவிட்ட வண்டியை இன்னொருவர் ஓடவைத்தால், அதை வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு அடுத்தவர் வாசல் வழியாக ஓட்டிப் போவார்கள். அப்படி ஒரு உறவு. தன் ஸ்பானர் செட்டில் ஒன்று தொலைந்தபோது, நாலு தெரு தள்ளிப்போய் இரவல் வாங்கினாரே தவிர, எதிரே இருந்த அந்த ஆளிடம் காதுக்காரர் கேட்டதில்லை.

மீசைக்காரர் கட்டிலருகே வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

"என்ன காதுக்காரரே, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன். என்ன, என் வண்டிகளை எல்லாம் இழுத்துட்டீங்களா?"

"உங்க மச்சான்தான் வச்சிருக்கானே. அவன் பிரிச்ச வண்டியில பாதி எப்படியும் என்கிட்ட வந்துடும்."

"வரட்டும், வரட்டும். அவன் கையில மிச்சமாகற நட்டுகளையும் அனுப்பி வைக்கிறேன். அது இல்லாம மாட்ட முடியாது உங்களால."

மீசைக்காரர் சிரித்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச்சு சூடுபிடித்தது: பெட்ரோல் பங்க் முனையில் நின்றுபோன பழைய வேன், அதற்கு யார் சொன்ன வைத்தியம் சரி, யார் சொன்னது தப்பு. காதுக்காரருக்குக் குரல் உயர்ந்தது, கை ஆடியது, முகத்தில் ரத்தம் ஏறியது. ஆடிய ஆட்டத்தில் உடம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவளுக்குத் தெரிந்தது. சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் இன்னொருவருக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் பாதி வாக்கியத்தில் நின்றார். சிஸ்டர் இருந்த பக்கம் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, கிரீஸும் தழும்புமாக ஸ்டூலில் ஊன்றியிருந்த எதிர்த்தெருக்காரரின் கைகளைப் பார்த்தார். நேற்றானால் அந்த வேனின் கதையை முடித்துவிட்டு, மடங்கிய நெஞ்சோடு அப்படியே கிடந்திருப்பார். இன்று மூச்சின் அடியில் ஏதோ நின்றுபோவது அவருக்கு ஸ்டெதாஸ்கோப் மாட்டாமலே கேட்டிருக்க வேண்டும்.

"இருங்க" என்றார். "வேனை அப்புறம் பாத்துக்கலாம். நான் சரிஞ்சுட்டேன். கொஞ்சம் மேல இழுத்து விடுங்க."

மீசைக்காரர் பதறி எழுந்து இரண்டு கைகளையும் அக்குளுக்கு நீட்டினார்.

"அங்க இல்ல. கழுத்தையும் பிடிக்காதீங்க. அடியில துணி இருக்கு பாருங்க, அதைச் சுருட்டிப் பிடிங்க. உடம்போட ஒட்டிப் பிடிங்க. அந்தப் பக்கம் இவ பிடிப்பா." முட்டிகளை மடக்கிக்கொண்டார். குதிகாலை மெத்தையில் ஊன்றினார். ஊன்றியது என்று சொல்ல முடியாது, ஆனால் வைத்தார். "நான் சொன்னதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல."

அவள் தன் பக்கத்துத் துணியைச் சுருட்டிக்கொண்டாள். மீசைக்காரர் துணியைப் பிடித்தவர், தையலைப் பார்த்துத் தயங்கினார்.

"வலிக்குமா?"

காதுக்காரர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"வலிக்கும். இழுங்க."